கொத்தனாரின் வீடு

பாஸ்வேர்டு கேட்ட இடத்தில் மகளின் செல்லப் பெயரைப் போட்டுப் பார்த்தாள். தவறு என்றது. கல்யாண நாளை நேராகப் போட்டாள், பிறகு தலைகீழாகப் போட்டாள். அதுவும் தவறு. மாமியாரின் பெயர், வீட்டுக்காரர் முதன்முதலில் வாங்கிய ஸ்கூட்டரின் எண், அந்த ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்ட தெருவின் பெயர் என்று ஒரு குடும்ப வரலாற்றையே தட்டச்சு செய்து முடித்தாகிவிட்டது. கணினி மசியவில்லை. இத்தனை வருஷம் ஒருவரோடு குடித்தனம் நடத்திவிட்டு, அவர் ஒரு பெட்டிக்கு என்ன பூட்டுப் போட்டிருப்பார் என்று ஊகிக்கத் துப்பில்லையே என்று அவளுக்குத் தன்மேலேயே எரிச்சலாக வந்தது. எதிர் மேஜைக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். அலுவலகத்தின் எல்லா இயந்திரங்களுக்குள்ளும் போகும் உரிமை அவர் கையில் இருந்ததால் அவரை எல்லோரும் சாவி என்றுதான் கூப்பிடுவார்கள். அவரிடமும் இந்தப் பூட்டுக்குச் சாவி இல்லை.

“சாருக்கே ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்களேன் மேடம்” என்றார் சாவி.

“பார்க்கலாம்” என்றாள்.

பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். அது சாவிக்கும் தெரியும். அவர் மறுபடி தன் திரைக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

அந்த நிறுவனம் எடைமேடைகளுக்கு மென்பொருள் செய்து விற்று ஆளானது. மேடைமேல் லாரி ஏறி நிற்கும், மென்பொருள் எடையைப் படித்து ஒரு சீட்டில் அச்சடித்துக் கொடுக்கும், லாரி இறங்கிப் போகும். அவ்வளவுதான் விஷயம். பிறகு நிறுவனம் வளர்ந்து, வேறென்னென்னவோ செய்து, இப்போது எடைமேடை மென்பொருள் என்பது வீட்டுக்குள் யாரும் வாய்கொடுத்துப் பேசாத மூத்த பிள்ளையாகிவிட்டது. ஆனால் கல்குவாரிகளிலும் ஆலைகளிலும் தூசி படிந்த பழைய கணினிகளில் அது இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்தக் கணினிகள் ஜாவா என்ற நிரல் மொழியின் பழைய ஆறாம் பதிப்பைத் தவிர வேறு எதையும் ஏற்றுக்கொள்ளாது. அந்த மென்பொருளைப் பார்த்துக்கொள்ள மீதியிருந்த ஒரே ஆள் அவள்.

இப்போது பில்ட் சர்வரை மாற்றுகிறார்கள். ஆட்கள் எழுதி அனுப்புகிற நிரலை வாங்கி, கோத்து, சோதித்துப் பார்த்து, விற்கத் தயாரான பொட்டலமாகக் கட்டிக் கொடுக்கிற இயந்திரம் அது. நல்லபடியாக முடிந்தால் திரையில் ஒரு பச்சை வட்டம், எங்காவது இடித்தால் சிவப்பு வட்டம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பழைய சர்வரை அணைத்துவிடுவார்கள். அதற்குள் எடைமேடை புது சர்வரில் பச்சையாக வந்துவிட்டால் பிழைத்தது. வராவிட்டால் அதோடு அதற்கு மூடுவிழா என்று மேலாளர் சொல்லிவிட்டார். பெரிய மனது பண்ணிச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மேடை போனால் தன் நாற்காலியும் போகும் என்பதைப் புரிந்துகொள்ள அவளுக்குத் தனியாகக் கடிதம் எதுவும் தேவைப்படவில்லை. வீட்டில் ஒருவர் ஏற்கெனவே வேலை போய் உட்கார்ந்திருக்கிறார். வெளியூரில் மகள் படித்துக்கொண்டிருக்கிறாள்.

பழைய இயந்திரத்திலிருந்து ஒரு கோப்புகூடப் புதியதற்கு வரக் கூடாது என்பது உத்தரவு. அதனால் ஜாவா ஆறைப் புதிதாக இறக்கி நிறுவினாள். சர்வரில் கருவிகளுக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. அதில் இரண்டே கட்டங்கள்: கருவியின் பெயர், கருவி இருக்குமிடம். சர்வரில் ஓடுகிற வேலைகளெல்லாம் கருவியைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடும், எனவே பழைய சர்வரில் இருந்த பெயரையே எழுத்துப் பிசகாமல் போட்டாள். கொத்தனார்-6. ஓடவிட்டாள். சிவப்பு. நிறுவனத்தின் சொந்தக் கிடங்கிலிருந்து நிரல் துண்டுகளை எடுக்கப் போன புது ஜாவா, அது நம்பத்தகாத இடம் என்று வாசலிலேயே திரும்பிவிட்டது. நம் வீட்டு அலமாரியை நம்மிடமே திருட்டுச் சாமான் என்கிறதே என்று அவளுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. யாரை நம்பலாம், யாரை நம்பக் கூடாது என்பதை ஜாவா தனக்குள்ளேயே ஒரு பூட்டிய பெட்டியில் வைத்திருக்கும். பழைய சர்வரில் இருந்த பெட்டிக்குள் கொத்தனார் ஏதோ சான்றிதழைப் போட்டு வைத்திருக்கிறார். எது என்று பார்க்கத்தான் காலையிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

கொத்தனார் வேறு யாருமில்லை, அவள் வீட்டுக்காரர்தான்.

அந்தப் பெயர் வந்தபோது அவர் இன்னும் ‘அவர்’ ஆகியிருக்கவில்லை. வெறும் ‘அவன்’தான். டயர் கடைக்கு மேலே ஒற்றை அறையில் நிறுவனம் நடந்துகொண்டிருந்த காலம். படியேறும்போதே ரப்பர் வாடை மூக்கைப் பிடிக்கும். கொஞ்ச நாளில் அது பழகிப்போய், வீட்டுக்குப் போனால்தான் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். சேர்ந்து எழுதுகிற ஆட்களின் நிரலை அதுவரை கையால்தான் கோத்துக்கொண்டிருந்தார்கள். கோக்கிற நாள் சண்டை நாள். யாரோ எதையோ மாற்றியிருப்பார்கள், யாருமே மாற்றவில்லை என்று சத்தியம் செய்வார்கள். அவன்தான் ஒரு பழைய கணினியைத் தூசி தட்டி, இனிமேல் இது கட்டும், நாம் வேடிக்கை பார்ப்போம் என்று அந்த சர்வரை உண்டாக்கினான். எந்நேரமும் கட்டுகிற பேச்சுதான் என்பதால் கொத்தனார் என்று பெயர் ஒட்டிக்கொண்டது. அவள் சோதனைக்காரி. எதைக் கொடுத்தாலும் அதில் ஒரு குறை கண்டுபிடித்து நீட்டுவாள். அவளுக்கு நொட்டை என்று பெயர் வைத்ததும் அவன்தான்.

அறையில் மிச்சமிருந்த ஒரே பிளக் பாயிண்ட் அவள் மேஜைக்கு அடியில் இருந்தது. எனவே சர்வரும் அங்கேயே குடியேறியது. மழை நாளில் அதன் சூடு காலுக்கு அவ்வளவு இதமாக இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் காலை வைத்துக்கொள்வாள். ஏதாவது நின்றுபோனால் அவன் தவழ்ந்துகொண்டு மேஜைக்கு அடியில் போவான். “என் காலடியிலேயே விழுந்து கிடந்து கல்யாணம் பண்ணிக்கிட்ட ஆளு” என்று பிற்பாடு சொந்தக்காரர்கள் நடுவில் சொல்லி அவனை நெளியவைப்பாள். கல்யாணத்துக்கு உண்மையான காரணம் பில்ட் ஓடிய நேரம்தான். அந்தக் கிழட்டு இயந்திரம் ஒருமுறை கட்டி முடிப்பதற்குள் ஒரு ஆள் குளித்துச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்துவிடலாம். ஓடவிட்டவனுக்கும் சோதிப்பவளுக்கும் அதுவரை வேலை கிடையாது. எதிர்ப்புறத்து டீக்கடைக்குப் போவார்கள். ஜன்னலில் அவன் ஒரு சிவப்பு விளக்கைக் கட்டித் தொங்கவிட்டிருந்தான். பில்ட் உடைந்தால் அது எரியும், தெருவிலிருந்தே தெரியும். விளக்கு எரியாமல் இருக்கிற வரைக்கும் பேசிக்கொண்டிருக்கலாம். என்ன பேசினார்கள் என்று இன்றைக்குக் கேட்டால் அவளுக்கு ஒன்றும் நினைவில்லை. பேசிக்கொண்டே இருந்தோம் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

ஜாவா ஆறு வந்தது அந்த அறையில்தான். அதைப் பொது இடத்தில் நிறுவ முதலாளியின் பாஸ்வேர்டு வேண்டும். முதலாளி அன்றைக்கு ஊரில் இல்லை. சரி, இப்போதைக்கு என் வீட்டிலேயே வைக்கிறேன் என்று அவன் தன் கணக்கின் ஃபோல்டருக்குள்ளேயே அதை இறக்கிவைத்தான். கணினியில் ஒவ்வொருவருக்கும் இருக்கிற சொந்த இடத்துக்கு வீடு என்றே பெயர். யாரும் தன் வீட்டுக்குள் ஊர்ப் பொதுக் கிணற்றை வெட்ட மாட்டார்கள் என்று அவள் அன்றே நொட்டை சொன்னாள். “நாளைக்கு மாத்திடறேன் தாயே” என்றான். அந்த நாளைக்கு வரவேயில்லை. கடை மேலிருந்த அறை போய், மாடிக் கட்டடம் வந்து, சர்வரும் கணினி மாறி மாறிக் கூடு பாய்ந்தது. ஒவ்வொரு முறையும் கொத்தனாரின் வீட்டையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு போனார்கள், ஏனென்றால் எடைமேடை அந்த வீட்டிலிருந்துதான் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது.

போன வருஷம் ஆட்குறைப்பு வந்தது. பெயர்களை வாசித்தார்கள், அவர் பெயர் இருந்தது, அவள் பெயர் இல்லை. ஒரே வீட்டில் ஒருத்தருக்காவது வேலை இருக்கட்டும் என்று கருணை காட்டினார்களோ என்னவோ. அடையாள அட்டையை அங்கேயே கழற்றி வாங்கிக்கொண்டார்கள். அவர் மேஜையைக் காலி செய்தார், அவளிடம் தண்ணீர் பாட்டிலை மட்டும் கொடுத்து, வரும்போது கொண்டு வந்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதலில் சில இடங்களுக்கு விண்ணப்பம் போட்டார். நேர்முகத் தேர்வுகளில் எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள், அவர் மேஜைக்கு அடியில் தவழ்ந்த காலத்தில் தொட்டிலில் கிடந்திருப்பார்கள். பிறகு விண்ணப்பம் போடுவதையும் நிறுத்திவிட்டார். மடிக்கணினி அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் போய்விட்டது. வீட்டைப் பளிச்சென்று வைத்துக்கொண்டார், குழாய் சொட்டினால் திருகினார், செடிக்குத் தண்ணீர் விட்டார். பேச்சு மட்டும் வற்றிவிட்டது. அலுவலகத்தைப் பற்றிப் பேசினால் அவருக்கு வலிக்கும் என்று அவள் வாயை மூடிக்கொண்டாள். இவளுக்குச் சங்கடம் வேண்டாம் என்று அவர் மூடிக்கொண்டார். ஒருவர்மேல் ஒருவர் வைத்த இந்தக் கரிசனத்தில், பால், கேஸ், கரண்ட் பில் தவிர இருவருக்கும் நடுவில் பேச ஒன்றுமில்லாமல் போய்விட்டது. எந்தச் சண்டையும் இல்லை. சண்டை போட்டிருந்தாலாவது தேவலாம் என்று அவளுக்குச் சில சமயம் தோன்றும்.

மதியம் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு மாடிப்படிப் பக்கம் போய் நின்றாள். நாற்காலி போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம் தள்ள, இன்னொரு பக்கம் கை தயங்க, ஒருவழியாக எண்ணை அழுத்தினாள்.

“என்ன, கேஸ் புக் பண்ணணுமா?” என்றார் எடுத்தவுடனே.

“இல்லைங்க. ஒரு பாஸ்வேர்டு வேணும்.”

“பேங்க்கா?”

“ஜாவா.”

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. நின்றது.

“எது?”

“மேடையோடது. ஆறு. அதுக்குள்ள நம்பிக்கைப் பெட்டி இருக்குல்ல, திறக்க மாட்டேங்குது.”

“என்ன போட்டுப் பார்த்தே?”

சொன்னாள். மகள், கல்யாணம், மாமியார், ஸ்கூட்டர், தெரு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். கேட்டு முடித்ததும் அவர் சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றிலிருந்து கிளம்பி, இருமலில் போய் முட்டி, மறுபடி எழுந்த சிரிப்பு. அவள் அதைக் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

“நொட்டை, நொட்டை… நான் அதுல பாஸ்வேர்டே மாத்தலை. வரும்போதே ஜாவாக்காரன் ஒண்ணு போட்டுக் கொடுத்திருப்பான் பாரு, அதேதான். உலகம் பூரா எல்லாப் பெட்டிக்கும் அது ஒண்ணுதான். அதை மாத்துன ஆளை நான் பார்த்ததே இல்லை.”

“நீ கல்யாண நாளைப் போட்டிருப்பேன்னு நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும். நீ எந்தக் காலத்துல அதையெல்லாம் ஞாபகம் வச்சிருந்தே?”

சொன்ன பிறகுதான் உறைத்தது. நீ என்று சொல்லிவிட்டாள். டயர் கடை மாடியில் நீ, வா, போதான். கல்யாணமாகி மாமியாரோடு குடித்தனம் வைத்தபோது அந்த அம்மாள் முகம் போன போக்கைப் பார்த்து என்னங்க, வாங்க என்று மாற்றிக்கொண்டாள். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகும் அந்த ‘ங்க’ மட்டும் வீட்டோடு தங்கிவிட்டது. அவரும் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

“அது இன்னும் என் ஃபோல்டர்லயேவா இருக்கு?”

“பின்னே எங்கே போகும்? உன் வீடு அப்படியே இருக்கு.”

“என் அக்கவுண்ட்டை அன்னிக்கே அழிச்சிருப்பாங்களே.”

“அழிச்சாங்க. அன்னிக்குச் சாயங்காலமே சாவி அழிச்சாரு. அடுத்த நிமிஷம் மேடை பூராவும் சிவப்பு. அலறி அடிச்சுக்கிட்டுத் திரும்ப எடுத்து வச்சாங்க. ஆளை அனுப்பிட்டாங்க, வீட்டை இடிக்க முடியலை. இதுநாள் வரைக்கும் ஒவ்வொரு பில்ட்லயும் முதல் வரியில உன் பேருதான் வருது. தினம் பார்க்கறேன்.”

இதை அவள் அவரிடம் இதுவரை சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று இப்போது புரியவில்லை.

“அடுப்புல பால் வச்சிருக்கேன்” என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

பெட்டி திறந்தது. எந்தச் சான்றிதழ் என்று பார்த்து, அதைப் பாதுகாப்புப் பிரிவில் புதிதாகக் கேட்டு வாங்கிப் புது ஜாவாவுக்குள் போட்டாள். கிடங்கை நம்பியது. கோத்தது. சோதனை வரைக்கும் போய் மறுபடி சிவப்பானது. எடைச் சீட்டு அச்சடிக்கும் சோதனையில் எழுத்துகளுக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்திருந்தது.

அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “அப்புறம், திறந்துச்சா?” சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கட்டங்களைப் பற்றிச் சொன்னாள். அவர் கரண்டிக் காம்பால் மேஜையில் கோடு போட்டு, இது ஜாவா, இது இயந்திரம், எழுத்துரு எங்கேயிருந்து வரும் என்று விளக்கினார். பாதியில் நிறுத்தி, இல்லை, அப்படி இல்லை என்று தனக்குத்தானே மறுத்துக்கொண்டார். சாதம் ஆறியது. இருவரும் கவனிக்கவில்லை. மறுநாள் அவள் அலுவலகத்தில் இருக்கும்போது அவராகவே கூப்பிட்டார், ஒரு கேள்வி கேட்டுவிட்டு வைத்தார். பிறகு மறுபடி கூப்பிட்டார். “சார் ரொம்ப பிஸி போலிருக்கு” என்று சாவி நமுட்டுச் சிரிப்புச் சிரித்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் கதவைத் திறந்தபோது, போர்வைகள் கட்டிலில் குவிந்து கிடந்தன. மடிக்கணினி மேஜைமேல் இருந்தது. அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் திரையோடு முகத்தை ஒட்டிக்கொண்டிருந்தார். வந்தவளைத் திரும்பிப் பார்க்காமலேயே, “ஃபான்ட். நான் ஜாவாவுக்குள்ளேயே ஒரு ஃபான்ட் ஃபோல்டர் வச்சிருந்தேன். அதை மறந்தே போயிட்டேன் பாரு. அந்த சர்வர்ல திரையே கிடையாது, அதுக்கு எழுத்து எங்கே இருக்கும்? நாளைக்கு அதைப் போடு” என்றார். செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் வாசலிலேயே நின்றாள். சந்தோஷமாக இருந்தது. அந்த சந்தோஷத்தோடு கூடவே ஒரு பயமும் வந்து ஒட்டிக்கொண்டது. நாளைக்கு ஃபான்டைப் போட்டால் பச்சை வந்துவிடும். வந்துவிட்டால் நாளைக்குச் சாயங்காலம் இந்த மனுஷர் என்ன பேசுவார்? நாற்காலி தப்பிக்க வேண்டும் என்றுதான் போன் செய்தாள். இப்போது அவளுக்கு நாற்காலியைவிட இந்தக் குரல் தப்பிக்க வேண்டும் என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஃபான்டுகளை வாங்கிப் புது ஜாவாவுக்குள் வைத்தாள். ஓடவிட்டாள். புது இயந்திரம் வேகமானது, டீ குடிக்கக்கூட நேரம் கொடுக்காது. கோத்தது, சோதித்தது, சீட்டு அச்சடித்தது, பொட்டலம் கட்டியது. பச்சை.

பொட்டலத்தைத் தனியாக எடுத்துப் பத்திரப்படுத்தினாள். இருந்தும் அசையாமல் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாவி எட்டிப் பார்த்தார்.

“வந்துடுச்சா மேடம்? அப்போ அந்த வீட்டை இடிச்சிடலாமா?”

பதில் சொல்ல வாயெடுத்தபோது போன் அடித்தது.

“கீழே நிக்கறேன்” என்றார் கொத்தனார்.

“எங்கே கீழே?”

“ரிசப்ஷன்ல. செக்யூரிட்டி புது ஆளு போல, உள்ளே விட மாட்டேங்கறாரு. நீ வந்து கூட்டிட்டுப் போ.” அவர் மூச்சு வாங்கினார். வேகமாக நடந்து வந்திருக்க வேண்டும். “ஃபான்ட் போட்டாலும் வராது. இன்னொண்ணு இருக்கு, மெமரி அளவு. மேடை சீட்டு அடிக்கும்போது மூச்சு முட்டும், அதுக்கு நான் ஒரு வேலை பண்ணி வச்சிருந்தேன். காலையிலதான் பொறி தட்டுச்சு. போன்ல சொன்னா உனக்குப் புரியாது. நானே வந்து பண்ணிடறேன். சிவப்புதானே காட்டுது?”

புது இயந்திரத்தில் மெமரி கொட்டிக் கிடக்கிறது. அந்த வேலையே அதற்குத் தேவைப்படவில்லை. இதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். அவள் திரையைப் பார்த்தாள்.

“ஆமா. சிவப்புதான்” என்றாள். “இதோ வரேன்.”

போனை வைத்துவிட்டு, கருவிகள் பக்கத்தைத் திறந்தாள். இடம் என்ற கட்டத்தின் நடுவில் கர்சரை வைத்தாள். சோதனைக்காரியாகச் சேர்ந்த நாள் முதல் எத்தனையோ பேர் பில்டை உடைத்ததைக் கண்டுபிடித்து மானத்தை வாங்கியிருக்கிறாள். அவள் கையால் ஒருமுறைகூட உடைந்ததில்லை. ஒரே ஒரு எழுத்தை அழித்தாள். சேமித்தாள். ஓடவிட்டாள். கண்மூடித் திறப்பதற்குள் வட்டம் சிவந்தது.

சாவி அதையும் பார்த்தார். அவளையும் பார்த்தார். ஒரு பெரிய கொட்டாவி விட்டுக்கொண்டு எழுந்தார்.

“சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு. நான் ஒரு காபி குடிச்சிட்டு வரேன். வர நேரமாகும்” என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் அவள் மேஜைமேல் ஒரு விருந்தினர் அட்டையை வைத்துவிட்டுப் போனார்.

கொத்தனார் கீழே சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார். முடி வெட்டியிருந்தார். நேற்று வரைக்கும் கொடியில் தொங்கிய சட்டை இஸ்திரி மடிப்போடு இருந்தது. அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட அவள் கையை உயர்த்தியபோது, அதில் இருந்த விருந்தினர் என்ற எழுத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து கொடுத்தார். மாடியில் தெரிந்த முகங்கள் சில எழுந்து வந்தன, கை குலுக்கின, தெரியாத முகங்கள் யார் இது என்று ஏறிட்டுப் பார்த்தன. அவர் எல்லோருக்கும் சேர்த்து ஒரு சிரிப்பைச் சிரித்துவிட்டு நேராக அவள் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். விரல்களை ஒவ்வொன்றாகச் சொடுக்கெடுத்தார்.

சிவப்பு வட்டத்தை அழுத்தி, கீழே விரிந்த வரிகளைப் படித்தார். அப்படி ஒரு ஃபோல்டரே இல்லை என்று கடைசி வரி சொன்னது. கருவிகள் பக்கத்துக்குப் போனார். பெயர் என்ற கட்டத்தில் கொத்தனார்-6 என்று இருந்தது. அவர் கை மவுஸின் மேல் அப்படியே நின்றது.

“புதுசுலயும் இந்தப் பேரா வச்சே?”

“வேற பேரு வச்சா எல்லா வேலையையும் திருத்தணும். யாரால முடியும்?”

“ம்.”

கர்சர் அடுத்த கட்டத்துக்கு இறங்கியது. இடத்தின் ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்தது. அவள் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவருடையது நாளெல்லாம் இதைப் பார்த்து வளர்ந்த கண். எழுத்து விட்டுப்போன இடத்துக்கு வந்ததும் கர்சர் நின்றது. அங்கேயே நின்றது. அவர் திரும்பி அவளைப் பார்க்கவில்லை. அவர் காது மடல் மட்டும் லேசாகச் சிவந்தது.

“இது லேசுல முடியற கேஸ் இல்லை” என்றார் கடைசியில், திரையைப் பார்த்தபடியே. தொண்டையைச் செருமிக்கொண்டார். “முதல்லேருந்து பார்த்துடலாம். உட்காரு.”

பக்கத்து மேஜையில் காலியாக இருந்த நாற்காலியை ஒரு கையால் இழுத்து, தன் நாற்காலியோடு இடிக்கிற மாதிரி போட்டார். திரையில் அந்த ஒற்றை எழுத்தின் இடைவெளியில் கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது.